மகளுக்குக் கட்டும் வீடும் வாடகைக்குக் கட்டும் வீடும் ஒன்றல்ல



பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற தம்பிமார், இந்த வருடமோ அடுத்த வருடமோ பென்சன் எடுக்கப் போகிற ஆசிரியர்கள், பிள்ளைகள் அனுப்புகிற காசை என்ன செய்வதென்று யோசிக்கிற உம்மாமார், இவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஸ்டாஃப் ரூமில் இப்போது இரண்டு பேர் சேர்ந்தால் இதுதான் கதை. "டீச்சர், பணிக்கொடைக் காசு வந்ததும் ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டிருவேன். மாசாமாசம் காசு வரும், நாம சும்மா இருக்கலாம்." 2022 இல் விலைவாசி போன போக்கைப் பார்த்தவர்களுக்கு காசைக் காசாக வைத்திருக்கப் பயம். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். வட்டியும் வேண்டாம் என்று வைப்புக்குப் போகாதவர்களுக்கு மிச்சம் இருப்பது தங்கம், வயல், வளவு, வீடு. ஆகவே வீட்டில் காசு போடுவது தவறென்று சொல்ல வரவில்லை. "சும்மா இருக்கலாம்" என்கிற அந்தச் சொல்லைத்தான் நான் நம்பவில்லை.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று எங்கள் கரைவாகுப் பக்கத்திலிருந்து கீழே போகும்வரை ஒரு வழக்கம் இருக்கிறது. பெண் பிள்ளை பிறந்தால் வீடு கட்ட வேண்டும். பிள்ளைக்குப் பத்து வயதாகும்போது அத்திவாரம் போடுவோம், பதினைந்தில் கூரை, இருபதில் டைல்ஸ். சீதனமாக வீடு கொடுப்பது சரியா பிழையா என்ற கதையை இன்றைக்கு எடுக்கவில்லை. அது வேறு பதிவு, வேறு சண்டை. நான் சொல்ல வருவது, இந்த வழக்கம் எங்கள் வாடகைக் கணக்கைக் குழப்பி வைத்திருக்கிறது என்பதை.

எப்படியென்றால், மகளுக்கென்று கட்டும் வீடு பார்க்கிறவர் கண்ணுக்குக் கட்டும் வீடு. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்ப்பார்கள், அதனால் முன்னால் தூண், பெரிய ஹோல், மேல்மாடி, தேக்கங்கதவு, சீலிங். பிறகு, "கலியாணத்துக்கு இன்னும் நாலைந்து வருடம் இருக்குத்தானே, அதுவரைக்கும் வாடகைக்குக் கொடுப்போம்" என்கிறோம். அந்த வீட்டுக்கு வருகிறவர் யார்? இடமாற்றத்தில் வந்த வங்கி உத்தியோகத்தர், ஆஸ்பத்திரி டொக்டர், அல்லது புதுசாக முடித்த ஒரு சோடி. டொக்டருக்கு அந்த வீடு சரி வரலாம். மற்றவர்களுக்கு இரண்டு அறை போதும், அதற்கு மேல் வாடகை கொடுக்க அவர்களிடம் காசு இல்லை. நாமோ மேல்மாடியைக் காட்டி வாடகை கேட்கிறோம். வீடு எட்டு மாதம் பூட்டிக் கிடக்கிறது. கடைசியில் கேட்ட தொகையில் பாதிக்குப் போகிறது, ஐந்து வருடத்தில் டைல்ஸ் உடைந்து சுவர் கறுத்து, மகளுக்குக் கொடுக்கும்போது திரும்ப ஒரு முறை கட்டின மாதிரிச் செலவு.

மகளுக்குக் கட்டுவதை மகளுக்குக் கட்டுங்கள். இடையில் வாடகை வந்தால் அது நன்மை, அவ்வளவுதான், அதை முதலீடு என்று சொல்லிக் கணக்குப் போடாதீர்கள். முதலீடு என்று இறங்கினால், வீட்டைப் பார்க்காமல் முதலில் குடியிருக்க வரப்போகிறவரைப் பாருங்கள்.

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். தொகைகளை உங்கள் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வளவும் வீடுமாக ஒரு கோடி இருபது இலட்சம் என்று வையுங்கள். மாத வாடகை 35,000. வருடத்துக்கு 4,20,000. பார்த்தால் நல்ல தொகை. ஆனால் போட்ட காசுக்கு அது 3.5 வீதம். இதில் வருடத்துக்கு ஒரு மாதம் வீடு சும்மா கிடக்கும் என்று 35,000 கழியுங்கள். பெயின்ட், பைப், மோட்டர், கூரை ஒழுக்கு, மலசலகூடக் குழி எல்லாம் சராசரி வருடத்துக்கு 60,000. சோலை வரியும் மற்றச் சில்லறைகளும் 10,000. கையில் நிற்பது 3,15,000. ஒரு கோடி இருபது இலட்சத்துக்கு 2.6 வீதம் அளவில்.

இப்போது இன்னொன்று. ஏற்கெனவே உங்களுக்கு இருக்கிற வளவின் பின்பக்கத்தில் அல்லது மேலே, தனி வாசலோடு இரண்டு அறை, ஒரு குசினி, ஒரு பாத்ரூம். செலவு 25 இலட்சம் என்று வையுங்கள். வாடகை 15,000. வருடத்துக்கு 1,80,000. ஒரு மாதம் வெறுமையாகக் கிடந்தது 15,000, திருத்த வேலை 25,000 என்று கழித்தால் 1,40,000. போட்ட காசுக்கு 5.6 வீதம். வளவுக் காசை இதில் சேர்க்கவில்லைதான், ஆனால் அந்த வளவை நீங்கள் விற்கப்போவதும் இல்லை.

பெரிய வீட்டுக்காரரும் சின்ன அனெக்ஸ்காரரும் மாதக் கடைசியில் கையில் வாங்கும் தொகையை ஒப்பிட்டால் பெரிய வீடு கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். போட்ட காசோடு ஒப்பிட்டால் கதை தலைகீழ். "வளவு விலை ஏறும்தானே" என்று சிலர் சொல்வார்கள். ஏறும், இன்ஷா அல்லாஹ். ஆனால் அது விற்றால்தான் காசு. எங்கள் ஊரில் வளவை விற்றவர் எத்தனை பேர்? பிள்ளைக்குக் கொடுப்போம், பேரனுக்குக் கொடுப்போம், விற்க மாட்டோம். விற்காத சொத்தின் விலை ஏற்றத்தைச் சாப்பிட முடியாது.

கடன் எடுத்து வாங்க நினைக்கிறவர்கள் ஒரு கணக்கை மட்டும் போட்டுவிட்டு வங்கிக்குப் போங்கள். அறுபது இலட்சம் பத்து வருடத்துக்கு என்றால், வங்கி இலாபமே எடுக்காது விட்டாலும் முதலை மட்டும் கட்ட மாதம் 50,000 வேண்டும். வாடகை 35,000. மிச்சம் 15,000 உம் வங்கியின் பங்கும் உங்கள் சம்பளத்தில் போகும். வட்டியில்லாத முறைகள் இருக்கின்றன. அமானா வங்கியும் சில வங்கிகளின் இஸ்லாமியப் பிரிவுகளும் குறைந்து செல்லும் முஷாரகா முறையில் வீட்டுக்கு நிதி தருகின்றன. வங்கியும் நாமும் சேர்ந்து வாங்குவது, வங்கியின் பங்குக்கு நாம் வாடகை கட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பங்கை வாங்கிக்கொள்வது. ஹலால் ஆகிவிட்டது என்பதற்காகக் கணக்கும் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு கேள்வி. முதல் கேள்விக்கு மௌலவியிடம் போங்கள், இரண்டாவதுக்கு ஒரு கல்குலேட்டர் போதும்.

இதே இடத்தில் ஈட்டு வீட்டையும் சொல்ல வேண்டும். பத்து இலட்சத்தைக் கொடுத்து வீட்டில் இருப்பது, வாடகை இல்லை, போகும்போது பத்து இலட்சத்தையும் திருப்பி வாங்குவது. எங்கள் பக்கம் இது சாதாரணமாக நடக்கிறது, தொழுகையாளிகளும் செய்கிறார்கள். கொடுத்த கடனுக்குப் பகரமாக வீட்டைப் பாவிப்பது வட்டிக்குள் வரும் என்றுதான் உலமாக்கள் அதிகமானோர் சொல்கிறார்கள். மார்க்கத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், வீட்டுக்காரர் அந்தப் பத்து இலட்சத்தைச் செலவழித்துவிடுவார். மூன்று வருடம் கழித்து அதைத் திருப்பிக் கொடுக்க இன்னொருவரிடம் ஈட்டுக்குக் கொடுப்பார். வீடு அவருடையது, ஆனால் ஒருநாளும் அவர் கைக்கு வராது.

எங்கே வாங்குவது?

எங்கள் பக்கத்தில் வாடகைக்கு ஆள் வரும் ஊற்றுகள் கொஞ்சம்தான். கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் ஆதார வைத்தியசாலையும், வங்கிகள், கச்சேரி வேலைகள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், சம்மாந்துறைப் பக்கம் அதன் பிரயோக விஞ்ஞான பீடம். அட்டாளைச்சேனையில் கல்வியியற் கல்லூரியும் கலாசாலையும். அக்கரைப்பற்று நகரம். இந்த ஊற்றுகளில் ஒன்றுக்கு நடந்து போகும் தூரத்தில் அல்லது ஒரே பஸ்ஸில் போகும் தூரத்தில் இல்லாத வீட்டை வாடகைக்கென்று வாங்காதீர்கள். "மலிவாக வருது" என்று வயலோரத்தில் வாங்கியவர்கள் குடியிருக்க ஆள் தேடி அலைகிறார்கள்.

மாணவர்களுக்கு அறை கொடுப்பது நல்ல வருமானம், தலைக்குக் கணக்குப் பார்ப்பதால். ஆனால் பன்னிரண்டு மாதமும் வரும் என்று போடாதீர்கள். லீவு வரும், பரீட்சை தள்ளிப்போகும். 2020 இல் கொரோனாவோடு பல்கலைக்கழகங்கள் மூடி வகுப்பெல்லாம் ஒன்லைனில் போனபோது அறைகள் மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தன. அதுவும் ஒரே ஊற்றை நம்பியிருந்தவர்களுக்குத்தான் அடி. வயதானவர்களுக்கு இன்னொரு கதை ஞாபகம் இருக்கும். சுனாமிக்குப் பிறகு என்ஜிஓக்கள் வந்து கல்முனையிலும் மட்டக்களப்பிலும் வாடகையைத் தூக்கிவிட்டார்கள். அதைப் பார்த்துக் கட்டியவர்கள் அவர்கள் போன பிறகு அந்த வாடகையைத் திரும்பக் காணவில்லை. இன்றைய வாடகையை வைத்து இருபது வருடத்துக்குக் கணக்குப் போடாதீர்கள்.

கடலோர வளவு மலிவாகக் கிடைத்தால் ஏன் மலிவு என்று கேளுங்கள். 2004 க்குப் பிறகு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று ஒரு காலம் சொன்னார்கள். பிறகு அது தளர்ந்தது, ஆனால் கடல் தளரவில்லை. ஒலுவிலில் துறைமுகம் வந்த பிறகு கடலரிப்பில் தென்னந்தோப்பே போனதை நம் கண்ணால் பார்த்தோம். மழைக்கும் அப்படித்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு நாடு முழுக்க வந்த வெள்ளத்துக்குப் பிறகாவது, ஒரு வீட்டை மாரியில் போய்ப் பார்க்காமல் வாங்காதீர்கள். கோடையில் எல்லா வளவும் நல்ல வளவுதான்.

பின்பக்கம் அனெக்ஸ் கட்டச் சொன்னேன் என்று எட்டுப் பேர்ச்சில் மூன்று குடும்பத்தை ஏற்றிவிடவும் வேண்டாம். எங்கள் மண் மணல். மலசலகூடக் குழியும் கிணறும் பக்கத்தில் வந்தால் யாருடைய தண்ணீர் யாருடைய கிணற்றுக்குப் போகிறது என்று சொல்லத் தேவையில்லை. பக்கத்து வீட்டு ராத்தா உங்களோடு பேசாமல் விடுவது அதற்குப் பிறகு வரும்.

உறுதி விடயம். "உறுதி இருக்கு" என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். உறுதியைக் கொண்டுபோய்ச் சட்டத்தரணி நொத்தாரிசிடம் கொடுத்து, காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துக்குத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் மூன்று விடயம் அடிக்கடி ஒளிந்திருக்கும். ஒன்று, அது பெர்மிட் காணியாக இருக்கும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் விற்கவோ குத்தகைக்குக் கொடுக்கவோ முடியாது. வெள்ளைப் பேப்பரில் எழுதி வாங்குவது வாங்குவதல்ல. இரண்டாவது, வாப்பா மௌத்தாகி பிள்ளைகளுக்குள் பிரிபடாத பங்கு. விற்கிறவருக்கு எட்டில் ஒரு பங்குதான் இருக்கும், மற்ற ஏழு பங்குக்காரரும் பிறகு ஒவ்வொருவராகக் கதவைத் தட்டுவார்கள். மூன்றாவது, சீவிய உருத்து. உம்மா மகளுக்கு எழுதிக் கொடுக்கும்போது தன் சீவிய காலத்துக்கு உருத்தை வைத்துக்கொண்டு எழுதியிருப்பார். அப்படியென்றால் உம்மா இருக்கும்வரை அந்த வீட்டின் வாடகை உம்மாவுக்கு. அவருடைய கையெழுத்து இல்லாமல் எதுவும் செய்யாதீர்கள்.

வாங்கும் செலவில் முத்திரை வரியை மறந்துவிடுகிறார்கள். முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். ஒரு கோடிக்கு 3,99,000. நொத்தாரிசுக் கட்டணம் அதற்கு மேல்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது, எழுத்து.

எங்கள் ஊரில் வாடகைக்குக் கொடுப்பது வாய்ச்சொல்லில் அல்லது முத்திரை ஒட்டிய ஒரு தாளில். "நம்ம ஆள்தானே, நொத்தாரிசு எதுக்கு?" 1840 ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் இருக்கிற மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்கிறது. ஒரு வருடத்துக்கென்று நீங்களே எழுதிய தாள், வழக்கென்று வந்தால் ஒரு வருடக் குத்தகையாக நிற்காது, மாத வாடகையாகத்தான் பார்க்கப்படும். இது வீட்டுக்காரருக்கும் நட்டம், குடியிருப்பவருக்கும் நட்டம். ஒரு வருடம் இருக்கலாம் என்று நம்பிப் பிள்ளையைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவரை மூன்றாவது மாதம் போகச் சொல்லலாம் என்றாகிவிடுகிறது.

எழுதுவதற்கு இப்போது இன்னொரு காரணமும் உண்டு. காலம் முடிந்தும் போக மறுக்கும் குத்தகைக்காரரிடமிருந்து வீட்டை விரைவான வழக்கு முறையில் மீளப் பெறுவதற்கென்று 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. அந்த வசதி நொத்தாரிசு முன் எழுதிய குத்தகைக்கு. தாளில் எழுதியவர்கள் பழைய வழியில்தான் வருடக்கணக்கில் நடக்க வேண்டும். நொத்தாரிசுக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிக்கப் போய் இதை இழக்காதீர்கள்.

"வீட்டைக் கொடுத்தா போயிரும்" என்று பயப்படுகிற மூத்தவர்களின் பயத்துக்கும் அடிப்படை இருக்கிறது. 1972 இல் வாடகைச் சட்டமும் 1973 இல் வீடமைப்பு ஆதன உச்சவரம்புச் சட்டமும் வந்த காலத்தை அவர்கள் கண்டிருக்கிறார்கள், குடியிருந்தவருக்கே வீடு போன கதைகளைக் கேட்டிருக்கிறார்கள். வாடகைச் சட்டம் இன்று எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிப் பொருந்துவதில்லை. உங்கள் வீடு எப்போது கட்டியது, எப்போது முதலில் வாடகைக்கு விட்டது என்று சொல்லிச் சட்டத்தரணியிடம் ஒரு தடவை கேட்டுவிட்டால் அந்தப் பயம் தீரும். பத்து வருடம் இருந்தால் வீடு சொந்தமாகிவிடும் என்ற பயமும் அப்படித்தான். வாடகை கட்டிக்கொண்டு இருப்பவர் உங்கள் உரிமையை ஏற்றுக்கொண்டு இருப்பவர், அந்தப் பத்து வருடக் கதை அவருக்குச் சேராது. ரசீது கொடுங்கள், அதன் அடிக்கட்டையை வைத்திருங்கள். உங்களைப் பாதுகாப்பது அந்தச் சின்னப் புத்தகம்தான்.

ஒன்றை மட்டும் செய்யவே வேண்டாம். வாடகை தரவில்லை என்று கரண்ட்டை வெட்டுவது, பூட்டை மாற்றுவது, சாமானைத் தெருவில் போடுவது. இது வீரம் என்று சிலர் நினைக்கிறார்கள். பலாத்காரமாக வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் நீதிமன்றத்துக்குப் போனால், அவரைத் திரும்ப உள்ளே விடும்படி நீதவான் கட்டளையிட முடியும். வீடு உங்களுடையது என்ற உறுதியைக் காட்டினாலும் அந்த வழக்கில் அது உதவாது. அதோடு, பிள்ளையின் புத்தகப் பை தெருவில் கிடப்பதைப் பார்த்த ஒரு வகுப்பாசிரியர் ஊரில் எங்கேயாவது இருப்பார். அந்தப் பிள்ளை மறுநாள் வகுப்புக்கு எப்படி வரும் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

யாருக்குக் கொடுப்பது என்பதில் இரண்டு பக்கமும் பேச வேண்டும். 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருது வொலிவேரியன் கிராமத்தில் நடந்ததை இந்தப் பக்கத்து ஆட்கள் ஒருநாளும் மறக்க மாட்டோம். அது வாடகைக்கு எடுத்த வீடு. புதுசாக வந்தவர்கள் மீது சந்தேகப்பட்டுச் சொன்னதும் எங்கள் ஊர் மக்கள்தான். ஆகவே அடையாள அட்டைப் பிரதி எடுப்பது, முன்பு எங்கே இருந்தார்கள் என்று கேட்பது, கிராம சேவகருக்கும் பொலிசுக்கும் விபரம் கொடுப்பது எல்லாம் யாரையும் அவமதிப்பதல்ல. எல்லோரிடமும் கேளுங்கள், சொந்தக்காரரிடமும் கேளுங்கள், அப்போது யாருக்கும் மனம் நோகாது.

ஆனால் அந்தப் பயத்தைச் சாட்டாக வைத்து நாம் சிலருக்கு வீடு கொடுப்பதே இல்லை. தலாக்கான பெண், பிள்ளைகளோடு தனியாக இருக்கும் விதவை, புருஷன் வெளிநாட்டில் இருக்கிற பெண். "ஆம்பிளை இல்லாத வீடு, வேணாம்." இத்தாவும் முடிந்து பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் அருகில் என்று வீடு தேடி அலைந்த ஒரு தாயை எனக்குத் தெரியும். நாலு இடத்தில் இதே பதில். கடைசியில் கொடுத்தவர் ஒரு ஹாஜியார். ஆறு வருடமாக அந்தத் தாய் ஒரு மாதம் பிந்தாமல் வாடகை கட்டுகிறார், வளவில் மாமரம் நட்டுக் காய்க்கவும் வைத்துவிட்டார். வேலைக்குப் போகும் பெண் போல வீட்டைப் பராமரிக்கும் குடியிருப்பாளர் கிடைப்பது கஷ்டம். வியாபாரக் கண்ணால் பார்த்தாலும் அவர்களை ஒதுக்குவது மடத்தனம்.

மீற்றர் விடயத்தை இலேசாக எடுக்காதீர்கள். மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கூடியபோது, ஒரே மீற்றரில் இருந்த வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் எத்தனை இடத்தில் சண்டை பிடித்தார்கள் என்று தெரியும். அதன் பிறகு கூடிக் குறைந்தாலும் முறை அதேதான். யூனிட் கூடக்கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடும். இரண்டு குடும்பமும் ஒரு மீற்றரில் ஓடினால் இருவரும் மேல் படிக்குப் போய்விடுவார்கள். உள்ளே சின்ன மீற்றர் போட்டுப் பிரித்தாலும் பில் என்னவோ மேல் படியில்தான். தனி மீற்றருக்குப் பொதுவாகத் தனி வாசலும் தனி வரி இலக்கமும் கேட்பார்கள், அதனால் கட்டும்போதே அதை யோசியுங்கள். பில் உங்கள் பெயரில் வருவதால் மாதாமாதம் கட்டிய ரசீதைப் பாருங்கள்.

வரியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு 18 இலட்சம் வரை தனியாளுக்கு வருமான வரி இல்லை. ஆனால் சம்பளத்தோடு வாடகையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. வாடகையில் 25 வீதத்தைப் பராமரிப்புக்கென்று கழிக்க விடுகிறார்கள். ஸகாத் என்று வந்தால் வாடகை வீட்டின் பெறுமதிக்கு இல்லை, சேர்த்து வைத்த வாடகைக் காசு நிஸாபை அடைந்து வருடம் பூர்த்தியானால் இரண்டரை வீதம்.

வெளிநாட்டில் இருக்கும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. வீட்டைப் பார்க்கச் சொல்லி ராத்தாவிடமோ மச்சானிடமோ சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். கையெழுத்துக்கு வேண்டிய அற்றோணித் தத்துவத்தை முறையாக எழுதிப் பதிந்து கொடுங்கள். அதில் விற்கும் அதிகாரம் வேண்டுமா, வாடகைக்குக் கொடுக்கும் அதிகாரம் மட்டும் போதுமா என்று யோசித்து எழுதுங்கள். பெரும்பாலும் இரண்டாவது போதும். பார்க்கிறவருக்கு வாடகையில் ஒரு பங்கைச் சம்பளமாகப் பேசிக் கொடுங்கள். "எங்கட ராத்தாதானே, காசு எதுக்கு" என்று விட்டால், மூன்றாவது வருடம் மோட்டர் திருத்தச் செலவில் தொடங்கும் மனக்கசப்பு மையத்து வீட்டிலும் பேசாத அளவுக்குப் போகும்.

மனைவியின் பெயரில் இருக்கிற வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் வீடு அநேகமாகப் பெண்ணின் பெயரில் இருக்கும், வாடகை அநேகமாக ஆணின் சட்டைப் பைக்குள் போகும். அவள் விரும்பிக் கொடுத்தால் அது அவர்களுடைய சங்கதி. ஆனால் வீடு அவளுடையதென்றால் அதன் வாடகையும் அவளுடையது. குத்தகை உறுதியில் கையெழுத்து அவளுடையது, காசு போகும் வங்கிக் கணக்கும் அவளுடையதாக இருக்கட்டும். என்னோடு படிப்பிக்கும் ஒரு டீச்சருக்குத் தன் வீட்டின் வாடகை எவ்வளவென்று குடியிருந்த பெண் ஒருநாள் சொல்லித்தான் தெரிய வந்தது. பத்தாம் வகுப்புக்கு வணிகக் கல்வி எடுப்பவர் அவர்.

கடைசியாக, அட்வான்ஸ். ஆறு மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கினால் அதைத் தனியாக ஒரு கணக்கில் போட்டு மறந்துவிடுங்கள். அது உங்கள் காசல்ல, அமானிதம். வீடு கொடுக்கும் அன்று சுவர், பைப், கண்ணாடி, சுவிட்ச் எல்லாவற்றையும் போனில் படமெடுத்து, அந்தப் படங்களை அவருக்கும் அனுப்புங்கள். போகும் அன்று இருவரும் சேர்ந்து அதே படங்களைப் பார்த்து, உடைந்ததற்கு மட்டும் கழித்து, மிச்சத்தை அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள். புது வீட்டுக்காரர் அவரிடம் அட்வான்ஸ் கேட்டுக்கொண்டு நிற்பார், "அடுத்த மாசம் வாங்க" என்றால் அவர் எங்கே போவார்?